கரையில் நிற்பவரின் எண்ணிக்கை

"யாரைக் கரையில விடுறது, தங்கச்சி?"

நம்புராஜன் கேட்டான்.

இருளாயி ஈரப் பாசியைத் தார்ப்பாயில் உதறிப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

குருவைத் தங்கச்சி என்று கூப்பிடும் சீடன் வேறு எங்காவது இருக்கிறானா, தெரியாது. வெள்ளமுனைக் கரையில் ஒருவன் இருந்தான்.

அவனுக்கு வயது நாற்பத்தெட்டு. பாய்மரப் படகுப் போட்டியில் சுக்கான் பிடிக்கிறவன்.

அவளுக்கு நாற்பத்தொன்று. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவள். படகே இல்லாமல் இருபத்தைந்து வருஷம் கடலுக்குள் கிடந்ததில் காற்றும் நீரோட்டமும் அவளுக்கு அத்துப்படி.

"போட்டிப் படகுல ஒருநாளும் ஏறாத பொம்பளைகிட்டப் போயி சுக்கான் பிடிக்கப் படிக்கிறான் பாரு" என்று ஊரில் சிரித்தார்கள்.

நம்புராஜன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் படகு எந்தப் போட்டியிலும் கடைசி. இப்போது முதல் இரண்டுக்குள் வருகிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இருளாயியிடம் ஒரே ஒரு குறைதான். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். வேலை சொல்லுவாள்.

"காத்து திரும்பப் போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று முதல் வருஷம் கேட்டான்.

நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று நாள் கரையில் உட்காரச் சொன்னாள்.

சளி பிடித்தது. நான்காம் நாள் காற்றும் பிடிபட்டது.

ஆனால் இன்றைய கேள்வி காற்றைப் பற்றியது இல்லை.

-

இன்று கடைசிப் போட்டி.

பங்குனியில் தொடங்கி ஆடி முடிய ஏழு போட்டி. ஆறு முடிந்துவிட்டது. நம்புராஜனின் மூன்றாம் நம்பர் படகும், பக்கத்து ஊர்க்காரர்களின் எட்டாம் நம்பர் படகும் சமமாக நின்றன. இன்று முந்துகிறவர்களுக்கு அந்த வருஷத்துக் கோப்பை. இடுப்பளவு உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி.

ஒன்பது வருஷமாக அந்தக் கோப்பையை அடுத்தவர்கள் தூக்கிக்கொண்டு போவதை நம்புராஜன் பார்த்திருக்கிறான். அவனுக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

படகில் ஐந்து பேர். ஐந்து பேரும் சிநேகிதர்கள். நம்புராஜன், சந்தியாகு, சீனி, ரீகன், பூமிநாதன்.

அந்தக் கரையில் ஒரு விதி உண்டு. காற்று குறைந்த நாளில் பாரத்தைக் குறைக்க ஓர் ஆளைக் கரையில் விடலாம். யாரை என்று சுக்கான் பிடிக்கிறவன்தான் சொல்ல வேண்டும். கமிட்டிக்காரர் மைக்கில் கேட்பார். அத்தனை சனத்துக்கு முன்னாலும் அவன் பெயரைச் சொல்ல வேண்டும்.

சந்தியாகு நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

கச்சான் காற்று மூர்க்கமாக அடிக்கும்போது படகுக்குக் குறுக்கே நீட்டிய பலகையின் நுனியில் போய் உட்காருவான். அவன் உட்கார்ந்தால் படகு சாயாது. முந்தைய போட்டிகளில் நான்கை அவன் உடம்புதான் ஜெயித்துக் கொடுத்தது.

இன்று காற்று செத்துக் கிடந்தது. அதே உடம்பு இன்று பாரம்.

"என் பேரைச் சொல்லிரு மாப்ள, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று நேற்றிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டான் சந்தியாகு. ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று ஒருத்தன் மூன்று தடவை சொன்னால், அவன் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இன்று விடியும் முன்பே கரைக்கு வந்து, கயிற்றையெல்லாம் அவன்தான் சரிபார்த்து வைத்திருந்தான்.

நம்புராஜனுக்கு இன்னொன்றும் தெரியும். போன வருஷம் ஏழாம் நம்பர் படகில் ஒருத்தன் பெயரை மைக்கில் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனவன்தான், அந்தப் படகில் திரும்ப ஏறவில்லை. இன்றைக்கும் தண்ணீர்க் குழாயடியில் அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சந்தியாகுவை விட்டால் கோப்பை வரும். சந்தியாகு போய்விடுவான்.

ஏற்றினால் சந்தியாகு இருப்பான். கோப்பை போய்விடும்.

அதனால்தான் காலையிலேயே இருளாயியிடம் வந்து நின்றான்.

-

"யாரை விடுறதுன்னு கேட்டேன் தங்கச்சி."

"கேட்டுச்சுண்ணே. போட்டி எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கு."

இருளாயி கையை உதறிவிட்டு எழுந்தாள். கடலைப் பார்த்தாள். தூரத்தில் வலைகட்ட ஊன்றிய ஒரு கம்பு தெரிந்தது.

"அந்தக் கம்பைச் சுத்திட்டு வாங்க. மொதல்ல அஞ்சு பேரும். பெறகு ஆளுக்கு ஒரு தடவை கரையில நிக்கணும். மத்த நாலு பேரு போயிட்டு வரணும். கரையில நிக்கிற ஆளு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணட்டும். யாரு நிக்கும்போது எண்ணிக்கை கம்மியோ, அவரையே விட்டுருங்க."

நம்புராஜனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பெயரைத் தான் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை சொல்லிவிடும். பழி எண்ணிக்கை மேல்.

"எண்ணுவானேன்? என் போன்ல நொடிக்கணக்கு ஓடும். அதை வச்சுப் பாத்துருவோம்" என்று எடுத்து நீட்டினான்.

"போனு வேணாம்."

"ஏன் தங்கச்சி?"

"அதுக்கு உங்க அஞ்சு பேரையும் தெரியாது."

அது என்ன பேச்சு என்று நம்புராஜனுக்கு விளங்கவில்லை. விளங்காததைத் திருப்பிக் கேட்டால் இன்னொரு வேலை வரும். போனை மடியில் செருகிக்கொண்டான்.

-

ஐந்து பேரும் போய் வந்தார்கள். இருளாயி எண்ணினாள்.

"முந்நூத்தி அறுபது."

அடுத்து சந்தியாகு இறங்கினான். நாலு பேர் போனார்கள். படகு லேசாகிவிட்டது நம்புராஜனின் கைக்கே தெரிந்தது. சுக்கான் விரல் நுனிக்கு அசைந்தது.

கரைக்கு வந்தார்கள்.

"முந்நூத்தி முப்பது" என்றான் சந்தியாகு. "நான்தான் அப்பவே சொன்னேன்ல மாப்ள."

சிரித்தான். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். அதில் ஒரு பொட்டு மணல்கூட இல்லை.

நம்புராஜனுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்து உடனே கூச்சமாகவும் இருந்தது.

"முப்பது எண்ணிக்கை வித்தியாசம். முடிஞ்சுபோச்சு தங்கச்சி. இனி எதுக்கு மத்தவங்களை அலைக்கழிக்கணும்?"

"அஞ்சு பேருல்ல இருக்கீக?" என்றாள் இருளாயி.

-

சீனி இறங்கினான்.

சீனி முகமது நாற்பத்தெட்டு கிலோ. அதுவும் நனைந்த சட்டையோடு நிறுத்தால். அவன் இறங்கியது படகுக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை.

நாலு பேரும் கம்பைச் சுற்றிவிட்டு வந்தார்கள்.

"எத்தனை?" என்றான் நம்புராஜன், சும்மா ஒப்புக்கு.

"முந்நூத்தி இருபதுண்ணே."

"என்னது?"

"முந்நூத்தி இருபது."

"சந்தியாகு இல்லாம முந்நூத்தி முப்பது. நீ இல்லாம முந்நூத்தி இருபதா?"

"எண்ணுனதைத்தானே சொல்றேன்."

நம்புராஜன் துண்டைக் கடலில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். காற்று கூடவில்லை. ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். நீரோட்டம் மாறவில்லை.

"எனக்கென்னமோ மெதுவாப் போன மாதிரி இருந்துச்சு" என்றான்.

"படகுக்குள்ள இருந்தா அப்படித்தான் தெரியும்" என்றான் ரீகன், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

-

ரீகன் இறங்கினான்.

திரும்பி வந்தபோது ரீகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினான். "முந்நூறு! சரியா முந்நூறு!"

நம்புராஜன் தலையைச் சொறிந்தான்.

அடுத்து பூமிநாதன்.

பூமிநாதன் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் நிதானமாகச் செய்கிறவர். படகு வந்து மணலைத் தொட்ட பிறகும் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "இருநூத்தி எண்பத்தி ஏழு" என்றார்.

வாத்தியார் வாயிலிருந்து வந்த அந்த ஏழுதான் நம்புராஜனை அசத்தியது. முந்நூறு, முந்நூற்றி இருபது என்றால் முன்னேபின்னே இருக்கலாம் என்று விட்டுவிடலாம். ஏழு என்று ஒருத்தர் சொன்னால் எப்படி விடுவது?

-

நம்புராஜனுக்குக் கோப்பை கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று. இந்தப் புதிர் அவனைப் பிடித்துக்கொண்டது.

இருளாயிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மணலில் விரலால் ஒரு படகு வரைந்தான். ஐந்து புள்ளி வைத்தான்.

"எடையில இல்ல தங்கச்சி விஷயம். இடத்துல இருக்கு."

"ம்."

"சந்தியாகு நடுவுல உட்காந்தா படகு தண்ணியில நல்லாப் பதியுது. பதிஞ்சா அலைக்குத் தூக்காது. நேராப் போகுது. அதான் அவன் இருக்கும்போது வேகம்."

"ம்."

"அப்ப வாத்தியாரு முன்னாடி உட்காந்து பாய்க்குப் போற காத்தை மறிக்கிறாரு. அவரை எறக்குனா வேகம். சரியா வருதுல்ல?"

"சீனி?"

"சீனி..." நம்புராஜன் சீனியின் புள்ளியைப் பார்த்தான். "சீனி இல்லாட்டியும் வேகமாத்தான் போயிருக்கு. ரீகன் இல்லாட்டியும் வேகம். யாரு இல்லாட்டியும் வேகம்."

"அப்ப ஆளே இல்லாட்டி பறக்குமாக்கும்" என்றாள் இருளாயி.

நம்புராஜன் மணலில் இருந்த படகைக் கையால் அழித்தான்.

"நீயே சொல்லிரு தங்கச்சி. ஒன்பது வருஷம் சுக்கான் பிடிச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் புரியலை."

"இன்னும் ஒருத்தரு இருக்காரே."

"யாரு?"

"எண்ணிப் பாருங்க."

நம்புராஜன் சிநேகிதர்களைப் பார்த்தான். சந்தியாகு, சீனி, ரீகன், பூமிநாதன். நாலு பேர். நாலு பேரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானா? நான் இல்லாம சுக்கான் யாரு பிடிக்கிறது?"

"சந்தியாகு அண்ணே பிடிக்கட்டும்."

"அவனுக்குச் சோத்துக் கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாது!"

"கேக்குது மாப்ள" என்றான் சந்தியாகு.

-

அவர்கள் போனார்கள்.

நம்புராஜன் கரையில் நின்றான். தன் படகு பாய் விரித்துப் போவதை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. எப்போதும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறான். நீலப் பாயின் கீழ்மூலையில் ஓர் ஒட்டு. இவ்வளவு தூரத்துக்கு அது தெரியும் என்று அவனுக்குத் தெரியாது.

எண்ணிக்கொண்டிருந்தான்.

படகு கோணல்மாணலாகப் போயிற்று. சந்தியாகு சுக்கானை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். சீனி எழுந்து நின்று கையை இங்கும் அங்கும் காட்டினான். ரீகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கரை வரை கேட்டது.

இருநூற்றி ஐந்தில் கம்பைச் சுற்றினார்கள்.

அதற்குப் பிறகு சந்தியாகுவுக்கும் ஏதோ பிடிபட்டுவிட்டது. படகு நேராக வந்தது. நன்றாகவே வந்தது.

இருநூற்றி ஐம்பது.

இருநூற்றி எண்பத்தி ஏழு.

நம்புராஜன் நிமிர்ந்து பார்த்தான். வாத்தியார் சொன்ன எண்ணிக்கைக்குப் படகு இன்னும் கடலில் பாதித் தூரத்தில் இருந்தது.

முந்நூறு. ரீகன் கத்திய முந்நூறு. சீனியின் தலை கடுகளவுதான் தெரிந்தது.

சந்தியாகு சுக்கான் பிடிப்பதால் இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அந்தத் தூரம் அதைவிட ரொம்ப அதிகம். தான் பிடித்தாலும் முந்நூறுக்குள் அங்கேயிருந்து இங்கே வர முடியாது. இந்தக் காற்றில் யாராலும் முடியாது.

முந்நூற்றி இருபது.

முந்நூற்றி முப்பது.

அவன் எண்ணும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. உதடு மட்டும் அசைந்தது.

முந்நூற்றி எழுபத்தொன்றில் படகு மணலைத் தொட்டது.

"தங்கச்சி."

"ம்."

"வாத்தியாருக்கு எண்ணத் தெரியாதா?"

"இருபது வருசமாப் புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர்றாரு" என்றாள் இருளாயி. பாசியைப் புரட்டிப் போட்டாள்.

நம்புராஜன் அப்படியே நின்றான். கண் கரித்தது. கடற்கரையில் எல்லாருக்கும் எப்போதும் கண் கரிக்கத்தான் செய்யும். இது அது இல்லை.

-

மைக் கொரகொரத்தது.

"படகெல்லாம் வரிசைக்கு வாங்கப்பா! காத்து கம்மி! ஆளைக் குறைக்கிறவங்க பேரைக் குடுத்துருங்க! எட்டாம் நம்பர் குடுத்தாச்சு! மூணாம் நம்பர்! யாரு கரையில நிக்கிறது?"

கரை முழுக்கத் திரும்பி மூன்றாம் நம்பர் படகைப் பார்த்தது.

பூமிநாதன் ஏற்கெனவே படகிலிருந்து இறங்கி, வேட்டியைப் பிழிந்து உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். "குறைஞ்ச எண்ணிக்கை என்னோடது. விதின்னா விதிதான்" என்றார், பள்ளிக்கூடக் குரலில்.

சந்தியாகு அவரைத் தாண்டிக்கொண்டு வந்தான். காய்ந்த மணல் வரை நடந்து வந்து நின்றான்.

"என் பேரைச் சொல்லு மாப்ள. இவனுக எண்ணுனதெல்லாம் ஒரு எண்ணிக்கையா? ஒருத்தன் சொன்னதைக் கேட்டு அடுத்தவன் குறைச்சுக்கிட்டே வர்றான், ஏலம் விடுற மாதிரி. எனக்குத் தெரியாதா? நான் எண்ணுனது ஒண்ணுதான் நெசம். எட்டாம் நம்பர்க்காரன் ஆளைக் குறைச்சுட்டான். நீயும் குறை. ஒன்பது வருசமா அந்தக் கோப்பையைப் பாத்துக்கிட்டு நிக்கிற. எனக்கு அது தெரியாதா?"

சீனியும் ரீகனும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மூணாம் நம்பர்! பேரு!"

நம்புராஜன் சந்தியாகுவைப் பார்த்தான். பிறகு படகைப் பார்த்தான். சுக்கான் கட்டை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"நான் எண்ணுனதை யாரும் இன்னும் கேக்கலையே."

"நீ எண்ணுனது எதுக்குடா? அது எனக்கே தெரியும். நான்தானே ஓட்டுனேன்."

"ஓட்டுனவனுக்கு நேரம் தெரியாது. கரையில நிக்கிறவனுக்குத்தான் தெரியும். கேளு."

சந்தியாகு கேட்கவில்லை. துண்டை எடுத்து மறுபடி உதறினான்.

சீனிதான் கேட்டான்.

"எத்தனைண்ணே?"

நம்புராஜன் காய்ந்த மணலில் ஏறி நின்றான்.

"தொண்ணூறு" என்றான்.